கதவுப் பாட்டு

சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு ஞானாம்பிகை பினாங்கு ரோப் வாக்குச் சந்தைக்கு வந்து சேர்ந்தபோது, கமாலுதீனின் பழைய இசைத்தட்டுக் கடைமேல் நீலக் கித்தான் இழுத்துக் கட்டியிருந்தது. கட்டியது கமாலுதீன் இல்லை என்று முடிச்சைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது. அவர் போடும் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். இது நாலு சுற்றுச் சுற்றி, இழுத்து இறுக்கி, மிச்சக் கயிறு கீழே தொங்கியது.

பக்கத்துக் கடையில் பழைய பூட்டும் சாவியும் விற்கும் அப்துல் ரஹீம் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பதினாறு வருடத்தில் அவர் அவளுக்காக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"மிஸ், உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

யார் சொல்வார்கள்? எங்கே வந்து சொல்வார்கள்?

"புதன்கெழம மிஸ். லுஹர் தொழுதுட்டு வந்து ஒக்காந்தாரு. நெஞ்சப் புடிச்சாரு. ஆஸ்பத்திரி போற வழியிலயே மவுத்தாயிட்டாரு. அன்னிக்கே அடக்கம் பண்ணிட்டோம்."

"அப்படியா?" என்றாள் ஞானாம்பிகை. குடையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். கடையின் முன்னால் ஒரு குட்டை ஸ்டூல் கவிழ்த்து வைத்திருந்தது. அவள் வந்ததும் கமாலுதீன் தோள் துண்டால் தட்டி எடுத்துப் போடுகிற ஸ்டூல். அதைத் தாண்டி நடந்து பஸ் ஏறி, பர்மா ரோட்டுச் சந்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அண்ணி யோகம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, இன்னிக்கு வெள்ளன வந்துட்டே?"

"கடை மூடியிருக்கு."

அதற்குமேல் சொல்ல அந்த வீட்டில் அவளுக்கு ஒன்றும் இல்லை. தங்கை ஏதோ பாட்டுத் தட்டு வாங்கப் போகிறாள், வருகிறாள் என்பதோடு அண்ணன் சிவகுருநாதன் விட்டுவிட்டார். கல்யாணம் ஆகாத, சொந்தச் சம்பளம் வாங்குகிற தங்கையிடம் அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. கடைக்காரர் ஒருவர் செத்துப்போனதற்கு இவள் அழுதால் அவர்களுக்குப் புரியாது. அவளுக்கே அது சரியாகப் புரியவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னது மட்டும் பிறகு நினைவிருந்தது.

எல்லாம் ஒரு டெலிபோன் அழைப்பில் ஆரம்பித்தது. அது 1970ஆம் வருடம். அவள் தொலைபேசி நிலையத்தில் வெளிநாட்டு அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வியட்நாம் சண்டையிலிருந்து ஒரு வார லீவில் பினாங்குக்கு வரும் அமெரிக்கச் சிப்பாய்கள் காலை வேளையில் ஊருக்குப் பேசுவார்கள். இங்கே காலை, அங்கே சாயங்காலம். அன்று ஓர் ஓட்டலின் கீழ்த்தளத்திலிருந்து ஒருவன் அழைத்தான். எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. விதிப்படி அவள் துண்டித்திருக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும், தயவுசெய்து" என்றான் அவன். குரல் சின்னப் பையனுடையதுபோல் இருந்தது. அவனுக்குப் பின்னால், காசு போட்டால் பாடும் பெட்டி ஒன்றில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். கதவைத் தாழிடாதே, நான் ஒருவேளை திரும்பி வருவேன் என்கிற பாட்டு. மேளம் சேருவதற்கு முன்பே அவள் குரல் ஆரம்பித்துவிட்டது, காத்திருக்கப் பொறுக்காதவள்போல. இரண்டாம் சரணத்தில் ஒரு வரி வரவேண்டிய இடத்தில் அவள் பாடவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அந்த வரி முழுக்க மேளம் தனியாக நடந்துபோனது. பிறகு அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொண்டாள். பாட்டு முடியும்வரை ஞானாம்பிகை துண்டிக்கவில்லை. எதிர்முனையில் யாரும் எடுக்கவும் இல்லை. அவன் நன்றி சொல்லிவிட்டு வைத்தான்.

அந்தப் பாட்டைத் தேடிக் கேம்பல் ஸ்திரீட் இசைத்தட்டுக் கடைகளில் எல்லாம் ஏறி இறங்கினாள். அவளுக்குப் பாட வராது. காதில் விழுந்த இரண்டு ஆங்கில வரிகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். கடைக்காரர்கள் கைவிரித்தார்கள். ரோப் வாக்கில் ஒருவர் மதுக்கடைப் பாட்டுப்பெட்டிகளிலிருந்து கழித்த தட்டுகளையும், பட்டர்வொர்த் முகாமிலிருந்து ஊர் திரும்பும் ஆஸ்திரேலியர்கள் விட்டுப்போகும் தட்டுகளையும் வைத்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். காகிதத்தை வாங்கிப் பார்த்த கமாலுதீன் சிரித்தார்.

"இந்தப் பாட்ட எனக்குத் தெரிஞ்சு நாலு பேரு பாடியிருக்காங்க மிஸ். எது வேணும்?"

ஒரே பாட்டை நாலு பேர் பாடுவார்கள் என்பதே அவளுக்கு அப்போது தெரியாது.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பாட்டரியில் ஓடும் கைப்பெட்டி அது. ஊசி வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். முதலில் பாடியவன் ஓர் ஆண். கதவைத் திறந்து வை என்று கட்டளை போடுகிறவன்போலப் பாடினான். அடுத்துப் பாடியவளுக்குப் பின்னால் மாதா கோயில் கோஷ்டி ஒன்று நின்றுகொண்டு பாடியது. அவள் புருஷனைக் கூப்பிடுகிறாளா சாமியைக் கூப்பிடுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. மூன்றாவதில் பாட்டே இல்லை, ஆர்கனும் கிட்டாரும் ஒன்றை ஒன்று துரத்தின, காலைத் தட்டாமல் கேட்க முடியாது. நான்காவது சிங்கப்பூரில் மலாயில் பாடியது; கதவை எடுத்துவிட்டு ஆற்றங்கரையைப் போட்டிருந்தார்கள். அவள் கேட்ட பெண் இவர்களில் யாரும் இல்லை.

"கெடைக்கும் மிஸ். வாற சனிக்கெழம வந்து பாருங்க."

அப்படித்தான் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. தேடிய குரல் கிடைக்கவில்லை, தேடும்போது கிடைத்தவை சேர்ந்துகொண்டே போயின. மெம்பிஸ், டெட்ராய்ட், அவள் வரைபடத்தில்கூடப் பார்க்காத ஊர்கள். நூறோ இருநூறோ பிரதி மட்டும் அச்சடித்து, விற்காமல், கப்பலோடு வந்து இந்தத் தீவில் ஒதுங்கிய தட்டுகள். ஒரு பாட்டை ஒருவன் பாடியதையும் இன்னொருத்தி பாடியதையும் அடுத்தடுத்துப் போட்டு, இரண்டு பேரும் வாதாடுவார்கள். "இவன் அழுதுக்கிட்டே பாடுறான் மிஸ். அவ அழுது முடிச்சிட்டு வந்து பாடுறா. அதான் வித்தியாசம்" என்பார் கமாலுதீன். பெரிய கல்லூரியில் படித்த யாரும் அவளிடம் இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. அவள் அவரை அண்ணே என்றாள். அவர் கடைசிவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டார். அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அதைத் தாண்டி இருவரும் பேசியதெல்லாம் பாட்டுத்தான்.

ஒரு வாதம் மட்டும் முடியவே இல்லை. டெலிபோனில் கேட்ட பெண் அந்த ஒரு வரியை ஏன் விட்டாள்?

"மறந்துட்டா மிஸ். பதிவு பண்றப்ப காசு இருந்திருக்காது, திரும்பப் பாட விடல. அவ்வளவுதான்லா."

"மறக்கல அண்ணே. அந்த வரிய அவளால சொல்ல முடியல. மூச்சு கேட்டுது."

"நீங்க கேட்டது டெலிபோன்ல மிஸ்."

"எனக்கு வேலையே டெலிபோன்லதான் அண்ணே."

தோற்றவர்போல் அவர் சிரிப்பார். அடுத்த வாரம் மறுபடி மறந்துட்டா என்பார்.

1978இல் ஈப்போவிலிருந்து ஒரு வரன் வந்தது. மனைவியை இழந்தவர், ரயில்வேயில் வேலை. அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கல்யாணமானால் ஈப்போ போகவேண்டியிருக்கும் என்று ஒரு சனிக்கிழமை கமாலுதீனிடம் சொன்னாள். ஓடிக்கொண்டிருந்த தட்டு முடிந்து ஊசி நடுவில் போய் உரசிக்கொண்டே இருந்தது. அவர் அதை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார். பிறகு, "நல்லா இருக்கணும் மிஸ்" என்றார். இரண்டு மாதத்தில் ஈப்போக்காரர்கள் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். வீட்டில் அண்ணியும் அண்ணனும் மெதுவாகப் பேசினார்கள். ஞானாம்பிகைக்கு எதுவும் தோன்றவில்லை. அந்த வாரம் கமாலுதீன் ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தார், ஜமைக்காக்காரன் ஒருவன் அந்தக் கதவுப் பாட்டைப் பாடியது. அவர்கள் கேட்ட பதினொன்றாவது தட்டு. அதுவும் அவள் தேடியது இல்லை.

கமாலுதீன் இறந்து நாலு மாதத்துக்குமேல் கழிந்து, ஐப்பசி மழை பிடித்த வாரத்தில், அப்துல் ரஹீம் தொலைபேசி நிலையத்துக்கே தேடி வந்தார். வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"கமாலு பொஞ்சாதி உங்கள வரச் சொல்றாங்க மிஸ். புருசன் மவுத்துக்கு இத்தா இருந்த நாலு மாசம் பத்து நாளும் முடிஞ்சிருச்சு. ரைபிள் ரேஞ்ச் பிளாட், பன்னெண்டாவது மாடி."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். மாடிப்படி ஏறிய இடத்திலிருந்து மூன்றாவது கதவு. நூர்ஜான் உயரமான, எலும்பு தடித்த பெண். கண்ணாடி போட்டிருந்தாள். வீட்டில் ஓர் அறை, ஒரு கூடம், ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழிகள். சுவரில் காலண்டரைத் தவிர வேறு படம் கிடையாது. இந்த வீட்டில் கமாலுதீன் எங்கே உட்காருவார் என்று ஞானாம்பிகையின் கண் தேடியது. தேடுகிறோம் என்று தெரிந்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒக்காருங்க மிஸ். டெலிபோன்ல வேல பாக்குற மிஸ் ஒருத்தங்க கடைக்கு வருவாங்கன்னு சொல்லியிருக்காரு. பேரு சொன்னதில்ல." நூர்ஜான் தேநீரை முன்னால் வைத்தாள். "கடையில பாட்டுப் போடுவாரா?"

"போடுவாரு அக்கா."

"வீட்டுல ஒரு ரேடியோகூடப் போட விடமாட்டாரு. வேல முடிஞ்சு வந்தா தல வலிக்குதும்பாரு. பாட்டுக் கேக்குற மனுசனே இல்லன்னு நெனச்சேன்."

ஞானாம்பிகை தேநீரைக் குடித்தாள். இனிப்பு அதிகம். கடையில் அவர் அவளுக்குச் சொல்லி வரவழைக்கும் தேநீரில் பாதிச் சர்க்கரைதான் இருக்கும். கேட்காமலே அப்படிச் சொல்வார். அதை இந்த வீட்டில் உட்கார்ந்து நினைப்பதே திருட்டுப்போல இருந்தது.

"கடச் சாமான் எல்லாத்தையும் கடையிலயேதான் வச்சிருந்தாரு. ரஹீம் வித்துக் குடுத்துட்டாரு. ஆனா இது அலமாரியில இருந்திச்சு. அவரு சட்டைக்கு அடியில." நூர்ஜான் உள்ளே போய் ஒரு பழுப்புக் காகித உறையைக் கொண்டுவந்தாள். உறையில் ஒரே ஒரு சின்னத் தட்டு. "மேல என்னமோ எழுதியிருக்காரு. நான் படிச்சது மலாய் ஸ்கூலு. தமிழ் பேசுவேன், படிக்கத் தெரியாது. பிள்ளைங்களுக்கும் தெரியாது. ரஹீம்கிட்டக் காட்டலாம். ஆம்பளகிட்டக் காட்டப் பிடிக்கல. நீங்க படிச்சுச் சொல்லுங்க."

நூர்ஜான் உறையை அவள் கையில் வைத்தாள். கமாலுதீனின் கையெழுத்தை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கோணல்மாணலாக, அழுத்தி எழுதியிருந்தது. மூன்று நான்கு விதப் பேனா.

*10.4.73. ஞானம் தேடும் பாட்டு கிடைத்தது. சனிக்கிழமை கொடுக்க வேண்டும்.*

*14.4.73. கொடுக்கவில்லை.*

*2.9.78. ஈப்போ போனால் கல்யாணப் பரிசு.*

அதற்குக் கீழே, தேதி இல்லாமல், புது மையில்: *ஞானம் சொன்னதே சரி. மறக்கவில்லை.*

அவள் உறையிலிருந்து தட்டைப் பாதி வெளியே இழுத்தாள். கேள்விப்படாத கம்பெனி, கேள்விப்படாத பெண்ணின் பெயர். பாட்டின் பெயர் மட்டும் தெரிந்தது. நடுத்துளையைச் சுற்றிப் பெட்டியின் நடுக்கம்பி உரசிய கீறல்கள் வெண்மையாக இருந்தன. பல தடவை கேட்டிருக்கிறார். அவள் வராத நாட்களில், கடைக்கு எடுத்துப்போய், தனியாக.

முதலில் வந்தது கோபம்தான். பதிமூன்று வருடம். பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் தட்டுத் தேடி அவள் எழுதிய கடிதங்களுக்கு முகவரி விசாரித்துத் தந்தவர் அவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் முகத்தைப் பார்த்தே தலையை ஆட்டி, "இன்னும் கெடைக்கல மிஸ்" என்றவர். அந்த ஒரு வாக்கியத்தை அறுநூறு தடவைக்குமேல் சொல்லியிருப்பார். கிடைத்திருந்தால் நான் போயிருப்பேனா, ஸ்டூலில் உட்காராமல் இருந்திருப்பேனா என்று மனசுக்குள் அவரைப் பிடித்து உலுக்கினாள். அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேள்விக்கு 1973இல் தான் என்ன பதில் சொல்லியிருப்போம் என்று அவளுக்கும் தெரியாது. பதினாறு வருடம் மிஸ் என்றே கூப்பிட்ட மனிதர் காகிதத்தில் ஞானம் என்று எழுதியிருந்தார். அவளை அப்படிச் சுருக்கிக் கூப்பிட்டது செத்துப்போன அம்மா மட்டும்தான்.

"என்ன மிஸ்?"

நூர்ஜான் கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டாள். கைகள் மடியில் ஒன்றை ஒன்று பிடித்திருந்தன. புருஷன் சட்டைக்கு அடியில் கிடந்த எழுத்தை நாலு மாதமாகப் படிக்க முடியாமல் வைத்துக்கொண்டிருந்த பெண்.

"என் பேரு இருக்கா?" என்று கேட்டாள்.

ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சேர்ப்பதே ஞானாம்பிகையின் தொழில். இத்தனை வருடத்தில் எந்தச் செய்தியிலும் அவள் ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை.

"இருக்கு அக்கா" என்றாள். "உங்க பேருதான் இருக்கு."

நூர்ஜான் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தினாள்.

"எழுபத்திமூணுல இந்தத் தட்டு கெடைச்சிருக்கு. நூர்ஜானுக்குப் பிடிக்கும், வீட்டுல பாட்டுப்பெட்டி வாங்கினதும் போட்டுக் காட்டணும்னு எழுதியிருக்காரு. அப்புறம்... வாங்க முடியலன்னு எழுதியிருக்காரு. எழுபத்தெட்டுலயும் முடியலன்னு."

"கடைசியா?"

"கடைசியா, மறக்கலன்னு எழுதியிருக்காரு."

அது ஒன்றுதான் உள்ளபடி படித்தது. குரல் அங்கேதான் உடைந்தது.

நூர்ஜான் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எது என் பேரு? காட்டுங்க."

ஞானாம்பிகை தன் பெயரின்மேல் விரலை வைத்தாள்.

நூர்ஜான் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கட்டை விரலால் அந்த எழுத்துகளைத் தடவினாள். "சின்னதா இருக்கே" என்றாள்.

"தமிழ்ல அப்படித்தான் அக்கா. சுருக்கி எழுதுவாங்க."

"ம்." உறையை மெதுவாக வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க வந்தா இத உங்ககிட்டயே குடுத்துரலாம்னுதான் நெனச்சேன். நான் என்ன பண்ணப்போறேன் இத வச்சுக்கிட்டு? இப்ப... எனக்கு எழுதினதுன்னா, நானே வச்சுக்குறேன்லா மிஸ். தப்பா எடுத்துக்காதீங்க."

"உங்களோடதுதான அக்கா."

வாய்வரை ஒன்று வந்தது. ஒரே ஒரு நாள் கொடுங்கள், கேசட்டில் பதிந்துகொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். சுலபமாகக் கேட்டிருக்கலாம். "அக்கா, உங்களுக்குக் கேக்கணும்னா என் வீட்டுல பெட்டி இருக்கு, நான் வேணும்னா..." என்று பாதிவரை சொன்னாள்.

"வேணாம் மிஸ்." நூர்ஜான் தலையை ஆட்டினாள். "அவரே போட்டுக் காட்டல. இனி கேட்டு என்னா? அப்படியே இருக்கட்டும். என்ன பாட்டு இது?"

"ஒரு பொம்பள பாடுறது அக்கா. கதவப் பூட்டாதே, நான் வந்தாலும் வருவேன்னு."

"யாரு சொல்றா? போனவங்களா, வீட்டுல இருக்கவங்களா?"

பன்னிரண்டு குரல்களைப் பற்றி இத்தனை வருடம் பேசியதில் இருவருமே இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "தெரியல அக்கா" என்றாள் ஞானாம்பிகை. அது உண்மை.

குடையை எடுத்துக்கொண்டு அவள் எழுந்தாள். நூர்ஜான் வாசல்வரை வந்தாள். உறை அவள் கையிலேயே இருந்தது, எழுத்து உள்பக்கம் திரும்பியிருந்தது.

"கேக்கவே மறந்துட்டேன். உங்க பேரு என்னா மிஸ்?"

ஒரு கணம் பொய் சொல்லலாமா என்றிருந்தது. இன்னொரு பொய்க்கு அவளிடம் தெம்பு இல்லை.

"ஞானாம்பிகை."

நூர்ஜான் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள், அசை அசையாக. "ஞா... னாம்... பிகை. நல்ல நீளமான பேரு" என்றாள். முகத்தில் என்ன இருந்தது என்று ஞானாம்பிகையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "பாத்துப் போங்க. மழ வருது."

கீழே இறங்கி வந்தபோது ஆயர் ஈத்தாம் மலைப்பக்கம் முழுவதும் கறுத்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள். மாடிக்கு மாடி பெண்கள் ஜன்னல்களிலிருந்து எட்டி மூங்கில் கழிகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டை எண்ணினாள். மூன்றாவது ஜன்னலில் ஒரே ஒரு கழி நீட்டியிருந்தது. அதில் பள்ளிக்கூடச் சட்டைகள், ஒரு போர்வை, கடைசியில் கமாலுதீன் கடையில் கட்டியிருக்கும் அந்தப் பச்சைக் கட்டம் போட்ட கைலி. புதிதாகத் துவைத்துப் போட்டது, இன்னும் நீர் சொட்டுவதுபோல் கனத்துத் தொங்கியது. முதல் தூறல் விழுந்தது. ஜன்னலில் இரண்டு கைகள் தெரிந்தன. கழியை இழுத்து, சட்டைகளையும் போர்வையையும் உருவி உள்ளே எடுத்துக்கொண்டன. பிறகு கழியை, அந்தக் கைலியோடு, மறுபடியும் மழைக்குள் நீட்டி வைத்தன.